வேடமும் மெய்யும்: தத்துவபோதகர் வரலாற்றின்மேல் ஒரு விசாரம்

சைவ சித்தாந்த நூல்கள் வழிபடற்குரியனவாகக் குரு, இலிங்கம், சங்கமம் என்னும் மூன்றனைக் கூறும். அவற்றுள் சங்கமமாவது சிவனடியாரது திருவேடம். மெய்கண்டதேவர் தம் நூலின் இறுதிச் சூத்திரத்தில் திருவேடத்தையும் திருக்கோயிலையும் ஒருங்கு வைத்து, அவ்விரண்டனையும் சிவனெனவே கண்டு தொழுமாறு விதித்தருளினார். வேடம் இத்துணை உயர்ந்ததாயின், நம் சமயத்தைச் சாராத ஒருவர், நம் கொள்கையை மறுத்துத் தம் கொள்கையை நாட்டும் பொருட்டே துறவி வேடம் பூண்டு நம்மிடை வருவாராயின், அவ்வேடம் மெய்யோ பொய்யோ? அவரை வஞ்சகர் என்பதா, தவத்தர் என்பதா? அவர்பால் நாம் ஒழுகத்தக்க முறைமை யாது? இவ்வினாக்கள் வறிதே கற்பித்துக் கொண்டன அல்ல. நம் நாட்டு வரலாற்றில் நிகழ்ந்தனவற்றின்மேல் எழுந்தனவேயாம்.

ஜவ்வாது மலைச் சாரலில் வாழும் எமக்கு இவ்வினாக்கள் இன்னும் அணியன. மலையின் தென்புறத்தே உள்ளது செங்கம். மலைபடுகடாம் என்னும் பழம்பாட்டைப் பெற்ற நன்னன் ஆண்ட ஊர் அது. அப்பாட்டு, நவிரமலையில் உறையும் காரியுண்டிக் கடவுளைப் போற்றும். செங்கத்திற்குத் தெற்கே பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர். வேடத்தின் பொருட்டு உயிரையே கொடுத்த மெய்ப்பொருள் நாயனார் அரசிருந்த பதி. அந்நடுநாட்டிலேயே மெய்கண்டார் எழுந்தருளியிருந்த திருவெண்ணெய்நல்லூரும் உளது. மலைக்குக் கிழக்கே போளூரைக் கடந்து செல்வார்க்குச் சேத்துப்பட்டில் பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் தாராசு என்பவர் எழுப்பிய லூர்து மாதா கோயில் தோன்றும். இவர்க்கு நெடுங்காலம் முன்னரே, பதினெட்டாம் நூற்றாண்டில், செஞ்சிக்கு வடபாலுள்ள கருநாடக நாட்டில் பிரெஞ்சு இயேசு சபையார் காவியுடுத்து, ஊன் நீக்கி, சந்நியாசிகளாகத் திரிந்து தம் சமயம் போதித்தனர். 1773-ஆம் ஆண்டில் அச்சபை கலைக்கப்பட்ட பின், 1776-இல் அவ்வூழியம் பாரிசு நகரத்து வேதபோதக சபையார் கைப்பட்டது. ஆகவே, திருவேடத்தின் பெருமையை உலகிற்கு உணர்த்திய நாடும், வேற்றுச் சமயத்தார் துறவி வேடம் பூண்டு உலவிய நாடும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கின்றன.

அவ்வேடத்திற்கு முதல்வர் தத்துவபோதகர் எனத் தமிழில் வழங்கப்பெற்ற இராபர்ட் தெ நோபிலி என்பவர். அவரைக் குறித்து இக்காலத்து மேடைகளில் இருவகைப் பேச்சுக் கேட்கின்றோம். ஒருசாரார் அவரை வேடதாரி, வஞ்சகர் என்று இகழ்வர். மற்றொருசாரார் தமிழுரைநடையின் முன்னோடி, தமிழர் பண்பாட்டைப் போற்றிய பெரியார் என்று புகழ்வர். இவ்விரு கூற்றும் ஆராயாது கூறியனவேயாம் என்பது எம் துணிபு. அதனைக் காட்டுதற்கு அவர் வரலாற்றை முன்னர்ச் சுருங்க உரைப்பாம்.

நோபிலியார் 1577-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் உயர்குடியிற் பிறந்தவர். இயேசு சபையிற் சேர்ந்து, 1605-இல் கோவாவை அடைந்து, 1606-ஆம் ஆண்டின் இறுதியில் மதுரை புக்கார். மதுரையில் அப்போது கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் போர்த்துகீசியர், அவரும் அச்சபையினரே, பத்தாண்டுக்கு மேலாகப் போதித்து வந்தார். வாணிகத்தின் பொருட்டுக் கடற்கரையினின்று வந்த பரதவருள் கிறித்தவராயினார்க்கு அவர் குருவாயிருந்தனரேயன்றி, மதுரை நகரத்தார் ஒருவரையும் தம்பால் ஈர்க்கவில்லை. காரணம், அவரும் அவரது மார்க்கமும் பறங்கி என்னும் ஒரு சொல்லுள் அடங்கியமையே. ஊனும் கள்ளும் கொள்வார், நீராடார், குலவொழுக்கம் அறியார் என்னும் பொருளெல்லாம் அச்சொல்லில் அன்று ஏறியிருந்தன.

இதனைக் கண்ட நோபிலியார் பெர்னாண்டசின் மனையினின்றும் நீங்கித் தனியே ஒரு குடில் கொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவியுடுத்தார். காலிற் பாதகுறடும், நெற்றியிற் சந்தனமும், தலையிற் குடுமியும், மார்பிற் பூணூலும் தரித்தார். நாளொன்றுக்கு ஒருபோது சோறும் கீரையும் பாலுமே உண்டார். தமிழும் தெலுங்கும் பயின்றார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணர்பால் வடமொழி கற்றார். அவ்வாசிரியரே 1609-இல் அவர்பால் ஞானஸ்நானம் பெற்றனர். ஐரோப்பியருள் வடமொழியைத் துறைபோகக் கற்றோரில் இவரை முதற்கண் வைத்து எண்ணுவர். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் முதலிய உரைநடை நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. ஐம்பதாண்டளவு இந்நாட்டிற் கழித்து, கண்ணொளி மங்கி, மயிலாப்பூரில் 1656-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16-ஆம் நாள் உயிர்நீத்தார்.

அவரை முதலில் எதிர்த்தவர் நம்மவரல்லர், அவர் சபையாரே. பெர்னாண்டசு அவர்மேற் குற்றம் எழுதி மேலோர்க்கு விடுத்தார். உரோமாபுரியிலிருந்த உறவினரும் பெருங்குருவுமாகிய பெல்லார்மின், அவர் கிறித்தவத்தையே கைவிட்டனரோ என ஐயுற்றுக் கடிந்து எழுதினார். நோபிலியார் 1613-இல் இலத்தீன் மொழியில் ஒரு விளக்கநூல் வரைந்து, பூணூலும் குடுமியும் குலத்திற்கும் கல்விக்கும் அடையாளமேயன்றிச் சமயத்திற்கு அடையாளமல்ல என்று வாதித்தார். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பாலார் அவரை மறுத்தனர். எனினும், பாப்பாண்டவராகிய பதினைந்தாம் கிரகோரியார் 1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பின்னர், 1704-இல் தூர்னோன் என்னும் பெருங்குரு புதுச்சேரியில் இவ்வழக்கங்களுட் பலவற்றை விலக்கினார். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பாண்டவர் அவ்விலக்கை உறுதி செய்தார். 1962 முதல் 1965 வரை வத்திக்கானிற் கூடிய பேரவைக்குப் பின், காவியும் குத்துவிளக்கும் மீண்டும் அவர்தம் கோயில்களிற் புகுந்தன. ஒரே காவி ஒருகால் தகுவதாகவும், ஒருகால் தகாததாகவும், மீண்டும் தகுவதாகவும் அவர்தம் அவையிலேயே கருதப்பட்டமை இங்கு நினைவிற் கொள்ளற்பாலது.

இனி ஆராய்வாம். முதற்கண், அவர் செய்யாததனை அவர்மேல் ஏற்றுதல் அறமன்று. எசூர் வேதம் என்னும் பொய்வேதம் ஒன்றை அவர் புனைந்தனர் என்று இன்றும் எழுதுவார் உளர். அந்நூற் சுவடி பிரெஞ்சு மொழியில் வால்டேரின் கைக்கு வந்து, 1778-இல் அச்சேறியது. திருக்குறளுக்கு ஆங்கிலவுரை தொடங்கிய எல்லீசர் புதுச்சேரியில் அதன் சுவடிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1822-இல் வெளிவந்தது. அது நோபிலியார் காலத்திற்கு நெடிது பிற்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டுப் புனைவு என்பதே பின்னை ஆராய்ச்சியாளர் முடிபு. ஆகலின், அப்பழி அவரைச் சாராது.

இரண்டாவது, அவர் வேடம். நாயன்மார் வரலாறுகளில் வேடத்தின் நிலை மூன்றுவகையாகக் காட்டப்படுகின்றது. முத்தநாதன் உடலெங்கும் நீறுபூசி, சுவடிக் கட்டினுள் கத்தி மறைத்து வந்து, மெய்ப்பொருள் நாயனாரைக் கொன்றான். அதிசூரன் தன் நெற்றியில் நீறணிந்து அதனைப் பலகையால் மறைத்துச் சென்று, போர்முகத்தில் வெளிப்படுத்தி ஏனாதிநாதரை வீழ்த்தினான். இவ்விருவர் வேடமும் வஞ்சத்தால் வந்தன. சேரமான் பெருமாள் நாயனார் உலா வருங்கால், உவர்மண் ஊறி மேனி வெளுத்த வண்ணான் ஒருவனைக் கண்டு, திருநீற்று வேடமெனக் கொண்டு யானையினின்று இறங்கி வணங்கினார். அவ்வேடம் தற்செயலால் வந்தது. மூவரும் வேடத்தையே கண்டனர். வேடத்தான் கருத்தைக் கண்டிலர்.

அற்றேல், மயக்கம் நீங்கி அன்பு மிகுந்தாரது வேடத்தையன்றோ சூத்திரம் விதந்தது, பிறர் வேடத்தை அது கொள்ளாதாலோ எனின், கூறுதும். அரசனது முத்திரை கள்வன் கைப்பட்டவழி அம்முத்திரை பொய்யாகாது; கள்வனே குற்றவாளியாவான். அதுபோல, அன்பரது அடையாளம் யாவர்மேற் கிடப்பினும் அன்பரையே நினைப்பிக்கும். வணங்குவான் அந்நினைவையே வணங்குகின்றான். வேடத்தின் தூய்மை, பூண்டார் நெஞ்சின் தூய்மையாற் பிறப்பதாயின், நம் ஆதீனங்களிலும் மடங்களிலும் காவிக்கு முன் தலை தாழ்த்தும் ஒவ்வொருகாலும் நெஞ்சைச் சோதித்தன்றோ தாழ்த்தல் வேண்டும்? அச்சோதனை யாவர்க்கு இயலும்? ஆகவே, பாதிரியாரது காவியைப் பொய்யெனத் தூற்றுவார், தாம் அறியாமலே நம் திருவேட வழிபாட்டின் அடிநிலையைப் பெயர்க்கின்றனர் என்க.

மேலும், நோபிலியார் இம்மூவகையுள் ஒன்றினும் அடங்கார். முத்தநாதன் கத்தி மறைத்தான். இவர் படைக்கலம் ஏதும் கொண்டிலர். அவன் வேடம் ஒருபொழுதைக்கு. இவர் வேடம் வாழ்நாள் முழுமைக்கும். ஊன் நீத்தலும், ஒருபோது உண்டலும், காமங் கடிதலும் இவரால் உண்மையாகவே மேற்கொள்ளப்பட்டன. வள்ளுவனார் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் இகழ்வது, தவவேடத்தின் மறைவில் தீயொழுக்கம் ஒழுகுதலை. அவ்விகழ்ச்சி இவரைத் தொடாது. இன்னுமொன்று. அவர் நெற்றியில் அணிந்தது சந்தனம், திருநீறு அன்று. நீறு சிவபெருமானுக்கே உரிய அடையாளமென அறிந்து, அதனைப் பூண்டிலர். சிவவேடத்தைக் களவு செய்தார் என்னும் கூற்று இதனால் வீழும். அவர் பூண்டது துறவி வேடமேயன்றிச் சிவவேடம் அன்று. காவி, சாக்கியர் முதல் ஏகதண்டியர் ஈறாகப் பலரும் உடுத்ததே.

இவ்வாறாயின் அவர்பால் குற்றமே இல்லையோ எனின், உண்டு. அது வேடத்தில் இல்லை, சொல்லில் உண்டு. தாம் பறங்கி அல்லர் என்றும், உரோமாபுரியில் அரசர் மரபிற் பிறந்த சந்நியாசி என்றும் ஓலை எழுதித் தம் இருக்கையின் முகப்பில் யாவரும் காண ஒட்டுவித்தார். சொல்லளவில் நோக்கின் இது பொய்யன்று. பறங்கியென்பது போர்த்துகீசியரைக் குறிப்பின், அவர் அந்நாட்டினர் அல்லர். ஆயினும், அவ்வோலையைக் கற்றவர், மதுரைத் தெருவிற் சிலுவைக் குறியிட்ட பரதவர் மார்க்கம் வேறு, இவர் மார்க்கம் வேறு என்றே கொள்வர். அங்ஙனம் கொள்ளவேண்டும் என்பதே எழுதியதன் பயன். சொல் மெய்யாய் நிற்க, கேட்டார் உள்ளத்துப் பொய் விளையுமாயின், அதனை வாய்மை என்னலாமோ?

வள்ளுவனார் வாய்மையை அளந்த கோல், பிறர்க்குத் தீமை பயவாமை. அக்கோலால் அளப்பின், ஓலையின் தீமை யார் தலைமேல் இறங்கிற்று? நம்மேலன்று, அவர் சபையிலேயே அவர்க்கு முன் வந்து சேர்ந்த பரதவர்மேலும் எளியோர்மேலும் இறங்கிற்று. ஒரே கடவுளைத் தொழுவோருள் ஒருசாரார் பறங்கி மார்க்கத்தார் என்னும் இழிசொல்லைச் சுமந்து நிற்ப, மறுசாரார் அதனின்றும் தப்பினர். இருவர்க்கும் கோயில் வேறு, குரு வேறு. 1640 முதல், எளிய குலத்தாரிடைச் செல்லுதற்குப் பண்டாரசாமி என்னும் பெயரால் மற்றொரு வகைக் குருமார் நியமிக்கப்பட்டனர். 1693-இல் ஓரியூரில் கொலையுண்ட அருளானந்தர் என்னும் யோவான் தெ பிரித்தோ அவ்வகையினரே. உயர்ந்தார்க்கு அந்தணச் சந்நியாசியும் தாழ்ந்தார்க்குப் பண்டாரமும் என வகுத்த அவ்வகுப்பே நோபிலியார் வழியில் மிகப் பழிக்கத்தக்கது என்பது எம் கருத்து.

இதனைக் கூறுங்கால் நம் மனையையும் நோக்குதல் கடன். பண்டாரம் என்னும் பெயர் நம் மடங்களினின்றே சென்றது. குலவேற்றுமையும் நம்மிடையே நின்றே சென்றது. சுந்தரமூர்த்திகள் திருத்தொண்டத்தொகையில் வேதியரையும் வேடரையும் குயவரையும் பாணரையும் புலையரையும் ஒரே நிரலில் வைத்து அடியேன் என்றார். அத்தொகையை நாளும் ஓதிய நாம், திருநாளைப்போவார் தில்லைக்குள் தீயின் வழியே புகவேண்டியிருந்ததனைக் கதையாகக் கேட்டுக் கண்ணீர் உகுத்து, அக்கண்ணீர் உலரும் முன்னே கோயில் வாயிலை அவர் குலத்தார்க்கு அடைத்தும் வைத்தோம். மதுரைத் திருக்கோயிலின் வாயில் அவர்க்குத் திறந்தது 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்களில்தான். நோபிலியார் குலத்தை நம் நாட்டு நன்முறை என எண்ணித் தழுவினார். அதனை நன்முறை என அவர் எண்ணுமாறு ஒழுகியவர் யாவர்?

மூன்றாவது, அவர் கூற்றின் அடிப்படை. காவி, குடுமி, பூணூல், சந்தனம் ஆகியன உலகவழக்கே, சமயமல்ல என்றார். உரோமாபுரியாரும் இவற்றுள் எது வழக்கு, எது சமயம் என்றே நூற்றாண்டுக்கு மேல் வழக்காடினர். இவ்வினா நம் நாட்டில் விளைந்ததன்று. ஜவ்வாது மலை சந்தனத்திற்குப் பேர்பெற்றது. இங்குள்ளார் சந்தனத்தை மணவிருந்திற் கிண்ணத்திலிட்டு நீட்டுவர். வெப்பத்திற்கு உடம்பிற் பூசுவர். அரைத்துச் சிவபெருமான் திருமேனிக்கும் சாத்துவர். விருந்தில் நீட்டிய சந்தனம் உலகம், திருமேனியிற் சாத்திய சந்தனம் சமயம் எனப் பிளந்து காட்டுவார் ஈண்டு எவருமிலர். விருந்தினரைச் சிவமாகவும், சிவத்தை விருந்தாகவும் காணும் ஒழுக்கத்தில் அப்பிளவுக்கு இடமில்லை. சித்தாந்தத்தில் சரியை என்பது இதுவே: புறத்தொழில் அகத்தின் வாயிலாதல். ஆகவே, நோபிலியார் நம் வேடத்தைப் பூண்டமை நமக்கு இழுக்கன்று. பூண்டு, இதற்கு உட்பொருள் இல்லை எனக் கூறியமையே நாம் மறுக்கற்பாலது. பிழை உடுத்தலில் இல்லை; உடையை வெறுமையாக்கியதில் உண்டு.

நான்காவது, அவர் கொள்கை. மதுரை வந்த தொடக்கத்தில் அவர் ஒரு பள்ளியாசிரியரோடு பல நாள் வாதித்தனர். அவ்வாசிரியர் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்று நாட்டினார். பாதிரியாரோ, இறைவன் யாதொன்றுமின்றியே உலகையும் உயிரையும் படைத்தான் என்றும், உயிர் அநாதியாயின் அதுவும் இறைவனோடு ஒப்பதாய்விடும் என்றும் தடுத்தார். ஈற்றில் ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பது பாதிரியார் தரப்பு வரலாறு. ஒருவர் மனம் மாறினமை கொள்கை தோற்றமைக்குச் சான்றாகாது. அத்தடைக்கு விடை மெய்கண்டார் நூலிலேயே உளது. அநாதியாதல் ஒன்று, சமமாதல் மற்றொன்று. கடலும் நீரும் உப்பும் உடனிருத்தலாற் கடலின் தன்மை நீர்க்கு ஆகாது. நீரைப் பற்றிய உப்பு கடலையும் பற்றாது. அவ்வாறே, உடனாய் நிற்கும் உயிர் இறைவனாகாது. உயிரைப் பற்றிய மலம் இறைவனைப் பற்றாது.

இனி, இல்லது தோன்றாது என்னும் நம் சற்காரியவாதம் கேட்பது வேறு வினா. நல்லவனாகிய இறைவன் ஒன்றுமின்மையினின்று உயிரைப் படைத்தானாயின், ஓர் உயிரைக் குருடாகவும் ஓர் உயிரைக் கண்ணுடையதாகவும் படைத்தது எற்றுக்கு? நாம் அதற்கு வினையைக் காட்டுகின்றோம். அவர் மறுபிறப்பை மறுத்துத் தனி நூலே செய்தார். அவ்வேற்றுமைகளை அவன் திருவுளம் என்று அவர் அமைவர். இவ்விரண்டனுள் எது இறைவனது அருளுக்கு இழுக்கின்றி நிற்கும் என்பதே இரு சமயத்தார்க்கும் இடைக்கிடந்த மெய்யான வழக்கு. காவியைப் பற்றிய வழக்கு இதன்முன் மிகச் சிறிது. நம்மவர் சிறியதில் ஆரவாரித்துப் பெரியதில் வாளாவிருத்தல் வருந்தத்தக்கது. அருணந்தி சிவாசாரியார் சித்தியார் பரபக்கத்தில் பிறமதத்தார் கொள்கையை அம்மதத்தாரே உடன்படுமாறு முற்ற எடுத்தோதிய பின்னன்றோ மறுத்தார்? அந்நெறியில் பாதிரியாரது ஆத்தும நிருணயத்தைப் பாடமாக வைத்துக் கற்று மறுப்பார் நம் மடங்களில் இன்று எத்துணையர்?

ஐந்தாவது, சொல்லும் ஒரு வேடமே. குரு, வேதம், அருள், பூசை, கோயில், பிரசாதம் என்னும் சொற்களை அவரும் அவர் வழியினரும் எடுத்துத் தம் கொள்கைக்கு உடுத்தினர். தத்துவபோதகர் என்னும் பெயரே முப்பத்தாறு தத்துவம் பேசும் நம் செவிக்கு அயலன்று. சொற்களைக் கவர்ந்தனர் எனச் சிலர் வருந்துவர். சொல் கவரப்படும் பொருளன்று. எடுப்பார்க்கும் கொடுப்பார்க்கும் ஒருங்கே நிற்பது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம். வேடத்தையும் சொல்லையும் ஒருவர் சாரின், அவை அவர்பாற் சிறிதும் படியா என்று எவர் கூற வல்லார்?

இதற்கு எம் நாட்டிலேயே பிற்காலத்துச் சான்று ஒன்று உளது. 1948-இல் பிரெஞ்சு நாட்டினின்று வந்த ஆங்ரி லெ சோ என்னும் கத்தோலிக்கத் துறவி, 1950-இல் குளித்தலையை அடுத்த காவிரிக்கரையில் மோன்சானின் என்பாரோடு ஓர் ஆசிரமம் நிறுவி, காவியுடுத்து அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்டார். அவர் நோபிலியாரைப் போலப் போதிக்க வந்தவரே. ஆனால், இரமண முனிவரைக் கண்ட பின் அண்ணாமலைக் குகைகளிற் பன்னாள் தங்கினார். திருக்கோவலூர்த் தபோவனத்தில் ஞானானந்தரைக் குருவாகக் கொண்டு கேட்டார். 1973-இல் இந்தூரில் மறையும் வரை குருத்துவத்தையும் துறந்திலர், அண்ணாமலையையும் மறந்திலர். இரண்டற்கும் இடையே அவர் உற்ற அலைவு அவர்தம் நாட்குறிப்புகளில் பதிந்துளது. முன்னவர் வேடத்தை ஆண்டார். பின்னவரை வேடம் ஆண்டது. அவர் சபையாருள் ஒருசாரார் அவரையும் ஐயுற்றனர். நம்மவருள் ஒருசாரார் அவரையும் வேடதாரி என்றனர். மெய்ப்பொருள் நாயனாரது ஊரில் நின்றும் நம்மவர் அவ்வாறு கூறினமை வியப்பே.

நாமும் பிறர் வேடத்தைப் பூண்டதுண்டு. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள், பெர்சிவல் என்னும் வெசுலியன் பாதிரியாரிடத்திருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவினவர். அங்கே கண்ட முறைகளை நன்கறிந்து, 1847 முதல் கோயிலிற் பிரசங்கம் செய்தார். 1848-இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நாட்டினார். அச்சுக்கூடம் நிறுவினார். வினாவிடை வடிவிற் சைவம் போதித்தார். பிரசங்கம், பள்ளி, அச்சு, வினாவிடை என்னும் நான்கும் பாதிரிமார் கையாண்ட கருவிகளே. அவற்றை எடுத்ததனால் நாவலர் வஞ்சகராயினரோ? சைவம் குன்றிற்றோ? இம்மாசிகையும் அவ்வழி வந்ததன்றோ? நாம் அவர் கருவியை எடுத்தால் நுண்ணறிவு, அவர் நம் கருவியை எடுத்தால் வஞ்சம் என்பது நடுநிலையாகாது. வேற்றுமை ஒன்றே: நாவலர் தாம் சைவர் என்பதனை எந்த ஓலையாலும் மறைத்திலர்.

ஆகவே எம் முடிபு இது. நோபிலியாரது தவவொழுக்கம் மெய். அதனை இகழ்தல் ஆகாது. அவரது ஓலையும், குலவகுப்பும் குற்றம். அவற்றை மறைத்தல் ஆகாது. அவரது கொள்கை மறுக்கத்தக்கது. கற்று மறுத்தலன்றி வைது மறுத்தல் ஆகாது. ஒருவரை முற்றும் வஞ்சகர் என்றோ, முற்றும் தொண்டர் என்றோ மொழிதல் எளிது. ஒரே வாழ்வில் தவத்தையும் பிழையையும் தனித்தனியே எடைபோடுதல் அரிது. அரியதைச் செய்தலே கற்றார்க்குக் கடன்.

மெய்ப்பொருள் நாயனார் குத்துண்டு வீழும்பொழுது, வாளுருவிய தத்தனைத் தடுத்து, வந்தவன் நம்மவன் என்றும், அவனை இடையூறின்றி ஊர்ப்புறத்தே கொண்டுபோய் விடுக என்றும் பணித்தார். தத்தன் மீண்டு வந்து, அவன் ஊறின்றிப் போயினான் என்று உரைக்குந்துணையும் நாயனார் உயிர் தாங்கியிருந்தனர். அவன் செயலை அவர் அறமெனக் கூறினாரல்லர். அவன் பூண்டதன் பொருட்டு அவனுக்குத் தீங்கு வாராமற் காத்தார். கொன்றவனுக்கே இது விதியாயின், கொல்லாது, புலால் உண்ணாது, ஐம்பதாண்டு நோற்று, நம் மொழியைக் கற்று, நம்மோடு வாதிட்டு, நம் மண்ணிலேயே அடங்கிய ஒருவர்க்கு நாம் செய்யற்பாலது யாது என்பதனைச் சைவ நன்மக்களே தெளிந்து கொள்வாராக.

இன்னும் ஒன்று கூறி அமைவாம். பிறர் பூண்ட காவி மெய்யோ பொய்யோ என்னும் வினாவினும், நாம் பூண்ட காவிக்கும் நீற்றிற்கும் நாம் மெய்யாயினோமோ என்னும் வினாவே நமக்கு விடை வேண்டுவது. வேடம் ஒருகாலும் பொய்யாவதில்லை. அதனைப் பூண்டார் அதற்குப் பொய்யாதலும் மெய்யாதலுமே உண்டு. அம்மெய்ம்மை நம்பால் நிலைபெறத் திருவருள் முன்னிற்பதாக.

மெய்கண்டார் திருவடி வாழ்க.